வண்டி என் பேரில்… ஐந்து சலான், ஒன்று கோர்ட்டில்: நான் என்ன செய்வது?

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 36, ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் வேலை. டிஎன் 03 பதிவில் நீல நிற ஸ்கூட்டர் அவர் பெயரில் இருக்கிறது. பெரும்பாலும் ஓட்டுவது தம்பி. வண்டியை விற்க ஆள் கிடைத்து, பெயர் மாற்ற ஆன்லைனில் போனபோதுதான் ஐந்து சலான் நிலுவையில் இருப்பது தெரிந்திருக்கிறது. எம்.சி. ரோட்டில் ஹெல்மெட் இல்லை என்று 1,000. மின்ட் பக்கம் நோ பார்க்கிங் 500. மணலியில் மறுபடி ஹெல்மெட் 1,000. இதற்கு நேராக 'நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது' என்று காட்டுகிறது. தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் இன்சூரன்ஸ் இல்லை என்று 2,000. அன்றைக்கு இன்சூரன்ஸ் இருந்தது என்கிறார். ஐந்தாவது, கோயம்பேட்டில் சிக்னல் மீறியதாக 500. படத்தில் இருப்பது கறுப்பு பைக்.

ஆக மொத்தம் 5,000 ரூபாய். கோர்ட் வாசலில் ஒருவர் "3,500 குடுங்க, அஞ்சையும் முடிச்சுத் தரேன்" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் "ஆறு மாசம் விட்டா தானா காலாவதியாகிடும்" என்கிறார். இன்னொருவர் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வரட்டும், பாதிதான் கட்ட வேண்டியிருக்கும் என்கிறார். தம்பி சிங்கப்பூர் வேலைக்குப் போகவிருக்கிறார். 'வாரண்ட் வந்து, அவன் போவதையும் கெடுத்துவிடுமோ?' என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். உங்கள் ஐந்து சலானில் நான்கு சிறைத் தண்டனையே இல்லாத வகை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு மட்டும் சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறை என்றும் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அதுவும் அபராதத்தில்தான் முடிகிறது. 'நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது' என்றால் வாரண்ட் பிறந்துவிட்டது என்று பொருள் இல்லை. போலீஸ் கணினியில் இருந்த கணக்கு நீதிமன்றக் கணினிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சம்மன் கைக்கு வந்த பிறகும் போகாமலே இருந்தால்தான் வாரண்ட் என்ற பேச்சு எழும்.

தம்பியைப் பற்றி: இவை வண்டி எண்ணை வைத்து, உரிமையாளரான உங்கள் மேல் விழுந்தவை. அவர் பெயரில் தனியாக ஏதாவது இருக்கிறதா என்று அறிய, இ-சலான் தளத்தில் அவருடைய லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் இந்த ஐந்தும் அவருடைய பயணத்தைத் தொடாது.

நீங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி '5,000 ரூபாய் பிரச்சினை' என்று பார்க்கிறீர்கள். இரண்டு சலான் நியாயமானவை, போலீஸ் பட்டியலிலேயே இருக்கின்றன. ஒன்று கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஒன்றுக்குக் காகிதம் காட்டி வாதாடலாம். ஒன்று உங்கள் வண்டியே இல்லை. ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. எது எந்தக் கதவுக்குள் இருக்கிறது என்று பார்க்கும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

எது எங்கே இருக்கிறது: தேடும் முறை

மூன்று இடங்களில், இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலாவது, பரிவாஹன் இ-சலான் தளம். வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும்; இரண்டும் ஆர்சி புக்கில் இருக்கும். ஓடிபி ஆர்சியில் பதிந்த கைபேசிக்குத்தான் வரும். பழைய எண் பதிவாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஒவ்வொரு சலானையும் திறந்து நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: சலான் எண், நாள்-நேரம், போட்ட காவல் நிலையம், சட்டப்பிரிவு. படம் இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மெய்நிகர் நீதிமன்றத் தளம். இது வர்ச்சுவல் கோர்ட் என்று பேர் பெற்றது. வாய்தா, கூண்டு எதுவும் இல்லாமல் மாஜிஸ்திரேட் கணினியிலேயே சலானைப் பார்த்து அபராதம் விதிக்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டைத் தேர்ந்து, சலான் எண் அல்லது வண்டி எண்ணைப் போடுங்கள். மணலி சலான் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நீதிபதி விதிக்கும் தொகை சலானில் அச்சடித்த தொகையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கே காட்டும் தொகைதான் கணக்கு.

மூன்றாவது, இ-கோர்ட்ஸ் தளம் அல்லது அதே பெயர் கொண்ட செயலி. மெய்நிகர் நீதிமன்றத்தில் காணவில்லை என்றால் வழக்கு நேரடி நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்து, 'கட்சிக்காரர் பெயர்' வழியாகத் தேடுங்கள். இங்கேதான் பலர் 'கேஸே இல்லை' என்று திரும்பி வருகிறார்கள். காரணங்கள் எளியவை. உங்கள் பெயரை ஆங்கிலத்தில் காவலர் எப்படித் தட்டினாரோ அப்படித்தான் பதிவாகியிருக்கும். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், ஓர் எழுத்து கூடும், குறையும். முழுப் பெயரைப் போடாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போடுங்கள். ஆண்டையும் மாற்றிப் பாருங்கள்: 2023 டிசம்பரில் நடந்த மீறல் 2024 வழக்காகப் பதிவாகியிருக்கலாம். 'நிலுவை', 'முடிந்தது' இரண்டிலும் தேடுங்கள். இத்தகைய சிறு வழக்குகள் நம் பக்கம் பெரும்பாலும் எஸ்டிசி (சுருக்க விசாரணை வழக்கு) என்ற எண்ணோடு வரும். எதிரே வாதியாக அந்தக் காவல் நிலையத்தின் பெயர் இருக்கும். கிடைத்ததும், எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) எழுதி வைத்துக்கொண்டால், பிறகு பெயர் தேடவே வேண்டாம்.

வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் சென்னை மாநகரக் காவல். மணலி, எண்ணூர் பக்கம் 2022 தொடக்கத்தில் ஆவடி ஆணையரகத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஒரே தம்பி, ஒரே ஸ்கூட்டர், ஒரே குற்றம், இருந்தாலும் எம்.சி. ரோடு சலானும் மணலி சலானும் இரண்டு வேறு ஆணையரகத்தின் கணக்குகள். நீதிமன்றமும் காவல் நிலைய எல்லையை ஒட்டித்தான் அமையும். சென்னைக்கு ஜார்ஜ் டவுன், எழும்பூர், சைதாப்பேட்டை வளாகங்கள் இருக்க, வடக்கே போகப்போக திருவொற்றியூர், பொன்னேரி நீதிமன்றங்கள் வந்துவிடும். இ-கோர்ட்ஸில் சென்னை மாவட்டத்தில் கிடைக்காவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்திலும் தேடுங்கள். நீங்கள் ஜார்ஜ் டவுன் வாசலில் அலைந்து அந்தத் தரகரிடம் போய் நின்றதற்குக் காரணமே இந்தக் குழப்பமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கைபேசியில் முடியவில்லையென்றால் நீதிமன்ற வளாகத்துக்குள் உள்ள இ-சேவா மையத்தில் வழக்கு நிலையைக் கேட்கலாம். இது சாதிச் சான்றிதழ் வாங்கும் அரசு இ-சேவை மையம் அல்ல. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் மாறிப் போகிறார்கள். உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நகல் மனு போடுங்கள். வண்டி வாங்குபவர் 'கேஸ் முடிந்ததற்குக் காகிதம் காட்டு' என்று கேட்டால் அது உதவும்.

கட்ட வேண்டிய மூன்று

எம்.சி. ரோடு ஹெல்மெட், மின்ட் நோ பார்க்கிங், மணலி ஹெல்மெட் மூன்றும் நடந்தவைதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கட்டிவிடுங்கள். 500 ரூபாய் சலானை எதிர்த்து இரண்டு நாள் சம்பளத்தை இழப்பதில் அர்த்தம் இல்லை.

ஆனால் கட்டும் இடம் வேறு என்பதில் கவனம் தேவை. போலீஸ் பட்டியலில் இருக்கும்போது கட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 200ஆம் பிரிவின்படி சமரசத் தீர்வு. அதற்குமேல் நடவடிக்கை கிடையாது, அது தண்டனைத் தீர்ப்பும் அல்ல. மெய்நிகர் நீதிமன்றத்தில் 'கட்டுகிறேன்' என்று அழுத்துவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. சிறு அபராதம்தான், வாழ்க்கையைக் கெடுக்காது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதனால்தான் கோர்ட்டுக்குப் போகும் முன்பே கட்டுவது நல்லது என்கிறேன்.

கட்டிவிட்டால் அந்தக் குற்றமே அழிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சமரசமாகக் கட்டியதும் 'முன்பு ஒரு தடவை செய்தவர்' என்ற கணக்கில் சேரும். நோ பார்க்கிங் போன்ற பொது மீறல்கள் முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500. இன்சூரன்ஸ் 2,000 என்பது அடுத்து 4,000 ஆகும். ஹெல்மெட்டுக்கான 194டி பிரிவில் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் எழுதியிருக்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். பணம் உங்கள் பையிலிருந்து போகிறது என்பதால் அவருக்கு உறைக்காமல் இருக்கலாம். லைசென்ஸ் போகும் என்றால் உறைக்கும்.

கட்டும்போது பணம் கழிந்து 'தோல்வி' என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். இ-சலான் தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் பகுதி இருக்கிறது, அங்கே பாருங்கள். மெய்நிகர் நீதிமன்றத்தில் கட்டியது பரிவாஹனில் தெரியச் சில நாள் ஆகலாம், அதுவரை பெயர் மாற்றம் தடைபட்டே நிற்கும். ரசீதையும் பரிவர்த்தனை எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

இன்சூரன்ஸ் சலான்: கட்டும் முன் நேரத்தைப் பாருங்கள்

விட்டுக்கொடுக்கக் கூடாதது இது. தொகை பெரியது, அடுத்த தடவைக்கு இரட்டிப்பாகும் வகையும்கூட. ஆனால் போராடும் முன் பாலிசியை எடுத்து, தொடங்கும் நாளை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் பாருங்கள். பழைய பாலிசி முடிந்து ஒரு நாள் கழித்துப் புதுப்பித்திருந்தால், புதியது பணம் கட்டிய நிமிடத்திலிருந்தோ அன்று இரவு 12 மணி கழிந்தோதான் தொடங்கும். காவலர் காலை 10 மணிக்கு நிறுத்தி, பாலிசி மதியம் 2 மணிக்குத் தொடங்கியிருந்தால் சலான் சரியானதுதான், கட்டிவிடுங்கள்.

பாலிசி முழுமையாக உயிரோடு இருந்ததென்றால் தவறு எங்கே நடந்தது? அநேகமாக இரண்டில் ஒன்று. தம்பி கையில் காகிதம் இல்லை, கைபேசியிலும் எடுத்துக் காட்டவில்லை. அல்லது காவலர் கருவியில் பார்த்தபோது பழைய பாலிசிதான் தெரிந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் ஏற்றும் விவரம் வண்டி எண்ணோடும் சேசிஸ் எண்ணோடும் பொருந்தினால்தான் வாகனப் பதிவேட்டில் ஏறும். பாலிசியில் ஓர் எழுத்து தப்பினாலும் ஏறாது. எம்பரிவாஹன் செயலியில் உங்கள் வண்டியைத் திறந்து இன்சூரன்ஸ் செல்லுபடி நாளைப் பாருங்கள். பழைய நாள் காட்டினால் நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் இதே சலான் வரும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கையில் காகிதம் இல்லாதது வேறு, இன்சூரன்ஸே இல்லாதது வேறு. மத்திய மோட்டார் வாகன விதி 139 ஆவணங்களை மின்வடிவில் காட்ட அனுமதிக்கிறது. கையில் இல்லையென்றால் 15 நாளுக்குள் கொண்டுபோய்க் காட்டவும் இடம் தருகிறது. அந்த 15 நாள் உங்களுக்குக் கடந்துவிட்டது. ஆனாலும் 'அன்று பாலிசி இருந்தது' என்ற உண்மை மாறவில்லை. பாலிசி நகல், பிரீமியம் கட்டிய ரசீது, ஆர்சி நகல் மூன்றையும் இணைத்து, சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுங்கள்; இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். இ-சலான் தளத்தின் புகார் பகுதியிலும் அதையே ஏற்றுங்கள். அதற்குள் அது மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் 'கட்டுகிறேன்' என்பதை அழுத்தாமல் 'எதிர்க்கிறேன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கு எல்லைக்குரிய நேரடி நீதிமன்றத்துக்கு மாறும்.

அங்கே நடப்பது பெரிய சடங்கு அல்ல. பெயர் கூப்பிட்டதும் முன்னால் போய் நின்றால், குற்றச்சாட்டைச் சொல்லி ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்பார். 'இல்லை, அன்று பாலிசி நடப்பில் இருந்தது' என்று ஒரே வாக்கியம் சொல்லி அசலைக் காட்டுங்கள். சில சமயம் அன்றே முடியும். சாட்சி விசாரணை வேண்டுமென்றால் இன்னும் சில வாய்தா ஆகும். வக்கீல் இல்லாமலும் பேசலாம். வேண்டுமென்றால், பெண் என்பதாலேயே வருமான வரம்பு எதுவுமின்றி உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

கறுப்பு பைக்: 500 ரூபாய்தானே என்று விடாதீர்கள்

இதைக் கட்டவே கூடாது. கட்டினால் கோயம்பேட்டில் அன்று ஓடியது உங்கள் வண்டிதான் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். படத்தைப் பெரிதாக்கி எண் பலகையைப் பாருங்கள். கேமராவும் தட்டச்சு செய்பவரும் 3ஐ 8 என்றும், ஆங்கில எழுத்து பியை 8 என்றும், ஓவைச் சுழியம் என்றும் படிப்பது வழக்கம். அப்படி ஓர் எழுத்து மாறியிருந்தால் விஷயம் சுலபம்: சலான் படம், ஆர்சி (நிறமும் வண்டி வகையும் அதில் இருக்கும்), உங்கள் ஸ்கூட்டரின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள் ஆகியவற்றோடு புகார் கொடுங்கள்.

எண் அச்சு மாறாமல் உங்களுடையதாகவே இருந்தால் விஷயம் பெரிது. யாரோ உங்கள் எண்ணைப் போட்டு ஓட்டுகிறார்கள். அந்த பைக் நாளை விபத்தில் சிக்கினால் முதலில் தட்டப்படும் கதவு உங்களுடையது. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அந்த ரசீதின் நகலைச் சலான் புகாரோடு சேருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் உயர்பாதுகாப்பு எண் பலகையில் லேசரில் பொறித்த தனி எண் இருக்கும். உங்களுடையது அப்படி என்றால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

கேமரா சலானுக்கு விதி 167ஏ சில கட்டாயங்களை வைக்கிறது: மீறல் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், இடம், நாள், நேரம், எண் பலகை தெரியும் படம் வேண்டும். அறிவிப்பு தாமதம் என்பதும் ஒரு வாதம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அதை முன்னால் வைக்காதீர்கள். 'இது என் வண்டியே இல்லை' என்பதைவிட வலுவான பேச்சு வேறு இல்லை.

பக்கத்து வீட்டு யோசனைகள் பற்றி

ஆறு மாதக் கணக்கு அரை உண்மை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் கோப்பில் எடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 514ஆம் பிரிவு சொல்கிறது. ஓராண்டு வரை சிறை உள்ளவற்றுக்கு ஓராண்டு. தாமதத்தை மன்னிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நீதிமன்றத்தில் நின்று எழுப்ப வேண்டிய வாதம் அது. பரிவாஹன் பட்டியல் அந்த நாளில் தானாக அழியாது. உங்கள் பெயர் மாற்றம் அப்படியே நிற்கும்.

பாதித் தள்ளுபடி கர்நாடகத்தில் அரசு அறிவித்த சலுகை. அந்த வீடியோக்கள்தான் இங்கே சுற்றுகின்றன. தமிழ்நாட்டு சலானுக்கு அது பொருந்தாது. லோக் அதாலத்தில் உங்கள் வழக்கு எடுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தால் போங்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அந்த 3,500 ரூபாய் ஆசாமி விஷயத்தில் கணக்கே பொய்யைக் காட்டுகிறது. அபராதம் கணினி வழியே அரசுக் கணக்குக்குப் போகிறது. அதில் 1,500 குறைக்க இடைத்தரகருக்கு வழியே இல்லை. சென்னையில் போக்குவரத்துக் காவலர் 2018 முதல் ரொக்கமே வாங்குவதில்லை. அந்த ஆசாமி சுலபமான ஒன்றிரண்டைக் கட்டி ரசீது காட்டிவிட்டு மீதியோடு போய்விடுவார். அதேபோல 'ஆர்டிஓ சலான்' என்று வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பைத் (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) தொடவே வேண்டாம்; நிறுவினால் வங்கிக் கணக்கு காலியாகும். உண்மையான தளங்களின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். தவறுதலாகத் தொட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

விற்பதற்கு முன்

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஆர்சியில் இன்னும் கொருக்குப்பேட்டை பழைய வீட்டு முகவரிதான். வீடு மாறி 30 நாளுக்குள் முகவரி மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 49ஆம் பிரிவு சொல்கிறது. அறிவிப்புகள் உங்களுக்கு வராமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பழைய வீட்டுக்காரரிடம் உங்கள் பெயருக்குத் தபால் வந்ததா என்று இந்த வாரமே கேளுங்கள். அதில் சம்மன் இருந்து, வாய்தா நாள் கடந்திருந்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அந்த நீதிமன்றத்துக்குப் போங்கள். தானாக முன்வந்து நிற்பவரை நீதிமன்றம் கடுமையாகப் பார்ப்பதில்லை.

தம்பியிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் இனி சாவியைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டி கொடுத்த உரிமையாளர் மேல் 180ஆம் பிரிவில் தனி வழக்கு வரும், அபராதம் 5,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

வாங்குபவர் அவசரப்பட்டால், பணம் வாங்கிக்கொண்டு 'பேர் மாற்றம் அப்புறம்' என்று வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொன்னது. முன்பணம் மட்டும் வாங்குங்கள். சலான்கள் தீர்ந்ததும் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, தண்டையார்பேட்டை ஆர்டிஓவில் ஏற்ற ரசீதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. வாங்குபவர் செய்வார் என்று விட்டுவிடாமல் நீங்களே கூடப் போய் வாருங்கள்.